வெள்ளைத் துணியைக் கத்தரிக்கும் முன்

மகனே,

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். உன் அம்மா சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டாள் என்பதற்காகவும், சொல்லி என்ன ஆகப்போகிறது என்கிற வெறுப்பினாலும் இவ்வளவு காலம் பேசாமல் இருந்தேன். இனியும் பேசாமல் இருந்தால் நீ அந்த வெள்ளைத் துணியைத் துண்டு துண்டாகக் கத்தரித்து, பிறக்கப்போகிற உன் பிள்ளையை அதில் படுக்கவைத்துவிடுவாய். அது என்ன துணி என்று உனக்குத் தெரியாது. தெரியாமல் வெட்டாதே. தெரிந்த பிறகு வெட்டினால் அது உன் பாடு.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் உன் வீட்டுத் தரையைக் காட்டினாய். தரை முழுக்கத் துணித் துண்டுகள். கட்டத்துக்குக் கட்டம் வேறு வேறு வடிவம் என்றும், ஒன்றில் நட்சத்திரம், ஒன்றில் கூடை, ஒன்றில் வீடு என்று ஒரே போர்வையாகத் தைத்துச் சேர்ப்பதற்கு சாம்ப்ளர் க்வில்ட் என்று பெயர் என்றும் சொன்னாய். கனடாக் குளிரில் வேறு வேலை இல்லாமல் நீயும் உன் மனைவியும் தையல் வகுப்புக்குப் போகிறீர்கள் என்று முன்பே சொல்லியிருந்தாய். இன்ஜினியரிங் படித்த மகன் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஊசியில் நூல் கோப்பதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் அம்மா இருந்திருந்தால் சிரித்திருப்பாள். பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போய்ச் சொல்லிவிட்டும் வந்திருப்பாள்.

அவளுடைய பழைய சேலைகளை எடுத்துக் காட்டச் சொன்னாய். நான் அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். நீ ஒன்றிரண்டைத் தேர்ந்தெடுத்தாய். பிறகு உன் கண் மேல் தட்டுக்குப் போயிற்று. "அப்பா, மேல வெள்ளையா இருக்கே, அது என்னது? வெளுக்காத கோராத் துணி மாதிரி இருக்கு. அதுதான் வேணும். எல்லாக் கட்டத்துக்கும் பின்னால அந்த ஒரே வெள்ளை ஓடிச்சுன்னா மத்த கலரெல்லாம் ஒண்ணா நிக்கும்" என்றாய். நான் "பார்க்கலாம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று நீ நினைத்திருப்பாய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

துணியைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று கேட்காதே. முப்பது வருடமாகக் கல்லூரியில் சாயங்களின் வேதியியலைச் சொல்லிக்கொடுக்கிறேன். கேட்கிறவன் கேட்டான், தூங்குகிறவன் தூங்கினான். நீயாவது கேள். நீ ஆசைப்பட்ட அந்த அடர் சிவப்புச் சுங்குடியை அப்படியே வைத்துத் தைத்தால் முதல் சலவையிலேயே பக்கத்துக் கட்டமெல்லாம் இளஞ்சிவப்பாகிவிடும். உப்பும் வினிகரும் போட்டு ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று வகுப்பில் யாராவது சொன்னால் நம்பாதே. போகிற சாயம் போய்த்தான் தீரும். வெந்நீரில் அலசி அலசி, தண்ணீர் தெளிந்து வருகிறவரை விடாதே. அதற்குப் பிறகும் ஈரத்துணியை வெள்ளைக் காகிதத்தில் அழுத்திப் பார். கறை விழுந்தால் அந்தத் துணி எவ்வளவு அழகாக இருந்தாலும் தள்ளிவை. அழகுக்காக வைத்துக்கொண்ட ஒன்று பக்கத்திலிருப்பதையெல்லாம் கெடுப்பதை நான் வீட்டிலும் பார்த்திருக்கிறேன், கல்லூரியிலும் பார்த்திருக்கிறேன்.

நைலக்ஸ் சேலை வேண்டாம். பட்டும் வேண்டாம். பருத்தி சுருங்கும், அவை சுருங்காது. தையல் இழுத்துக்கொண்டு கட்டம் கோணும். சேலையில் முந்தானையைவிட உள்மடிப்புப் பக்கத்துத் துணிதான் உறுதியாக இருக்கும், வெயில் அதிகம் பட்டிருக்காது. நிறம் சேர்ப்பதை உன் அம்மாவிடம் நீ கற்றிருக்கலாம். அவளுக்கு பிளவுஸ் துணி எடுக்க செம்மங்குடி ரோட்டுக்குப் போனால் என் பொறுமை போய்விடும். கடைக்குள் டியூப்லைட்டில் பார்த்ததை ஒருபோதும் எடுக்கமாட்டாள். சேலையையும் துணியையும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, வெயிலில் பிடித்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்ப்பாள். கண்ணைச் சுருக்கினால் நிறம் மறைந்து, எது இருட்டு எது வெளிச்சம் என்பது மட்டும் தெரியும். கட்டத்தில் நட்சத்திரம் நட்சத்திரமாகத் தெரிய வேண்டுமென்றால் அதுதான் முக்கியம். சிவப்பும் பச்சையும் வேறு வேறு நிறமாயிற்றே என்று பக்கத்தில் வைப்பாய். இரண்டும் ஒரே அளவு இருட்டாக இருந்தால் எட்ட நின்று பார்க்கிறவனுக்கு ஒரு குழம்பல்தான் தெரியும். பின்னால் ஒரே வெளிர் துணி ஓடவேண்டும் என்று நீ நினைத்ததும் சரிதான். அதனால்தான் எனக்கு மறுக்க வாய் வரவில்லை. நீ கேட்டது தப்பான துணி இல்லை. அந்த வேலைக்கு அதைவிடச் சரியான துணி இந்த வீட்டில் கிடையாது.

இனி அது என்ன துணி என்பது.

நீ வேலை கிடைத்துப் போன இரண்டாம் வருடம் உன் மாமா திருவட்டாற்றிலிருந்து ஒரு மட்டி வாழைக்குலையைக் காரில் வைத்துக்கொண்டு வந்தார். மகள் சுபாவுக்குப் படிப்பு முடிந்துவிட்டது, இனி நாள் பார்க்க வேண்டியதுதான் என்றார். உங்கள் இருவருக்கும் என்று அண்ணனும் தங்கையுமாகச் சின்ன வயதிலேயே பேசி வைத்திருந்தது உனக்கும் தெரியும். அவர் சம்மதம் கேட்க வரவில்லை, தகவல் சொல்ல வந்திருந்தார். உன் அம்மா அவர் எதிரிலேயே உனக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். நீ கொஞ்சமும் தயங்காமல், "எனக்கு அப்படித் தோணலம்மா. சுபா எனக்குத் தங்கச்சி மாதிரி" என்றாய். நீ இந்நேரம் அதை மறந்திருப்பாய். முறைப்பெண்ணைத் தங்கச்சி என்று சொன்னால் கேட்கிற தகப்பனுக்கு எப்படி இருக்கும் என்று உனக்கு உறைக்கவே இல்லை.

உன் மாமா எழுந்து நின்றுவிட்டார். "உனக்க மவன் எனக்க பிள்ளையத் தங்கச்சிங்கான். நீ கேட்டுக்கிட்டு இருக்கியா?" என்றார்.

"அவனுக்கு மனசில்லண்ணா. மனசில்லாதவனுக்குப் பிள்ளையக் கொடுத்து நீ என்ன செய்யப்போற?"

"நீ ஒரு வார்த்தை அதட்டிச் சொல்லு. அம்மைக்கு அடங்காத பயலா அவன்?"

"அடங்குவான். அதனாலதான் சொல்லமாட்டேன்."

"அப்போ எனக்குத் தங்கச்சின்னு ஒருத்தி இல்ல. விட்டுரு" என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கிப் போனார். உன் அம்மா பின்னாலேயே ஓடவில்லை. அந்தக் குலையை அடுக்களையில் கட்டித் தொங்கவிட்டாள். அது பழுத்து, காம்பு விட்டு ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தது. ஒருவரும் தின்னவில்லை. உனக்கு அவள் சொன்னது, மாமா கொஞ்சம் கோபமாக இருக்கிறார், சரியாகிவிடும் என்பது மட்டுமே. சரியாகவில்லை. அவர் அதற்குப் பிறகு இந்த வாசலை மிதிக்கவில்லை. நீ உனக்குப் பிடித்தவளைக் கல்யாணம் செய்துகொண்டபோது வரவில்லை. உன் அம்மா படுக்கையில் விழுந்தபோதும் வரவில்லை. அவள் தானாகவே அண்ணனுக்குப் போன் செய்தாள், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செய்தாள். மணி அடித்து அடித்து நிற்கும். "தோப்புல நிப்பான், கேட்டிருக்காது" என்பாள். தேங்காய் வெட்டாத நாளிலும் அப்படித்தான் சொல்வாள்.

உனக்கு எழுதுகிறேன் என்றேன். "வேண்டாம். அவனுக்குத் தெரிஞ்சா தன்னாலதான்னு நெனச்சு நெனச்சு உருகுவான். கேட்டியளா? சொல்லிராதீங்க" என்றாள். நீ உருகக்கூடாது, அவள் உருகலாம். அந்தக் கணக்கு எனக்கு அப்போதும் பிடிக்கவில்லை, இப்போதும் பிடிக்கவில்லை. உன்மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி அதனால் வந்தது. போனில் நீ சிரித்துச் சிரித்துப் பேசும்போதெல்லாம், இவனுக்காகத்தானே என்று நினைத்துக்கொண்டு நான் எழுந்து வெளியே போய்விடுவேன். அப்பாவுக்கு என்னுடன் பேசப் பிடிக்கவில்லையா என்று நீ ஒருமுறை அவளிடம் கேட்டாய். அவருக்கு மூட்டுவலி என்றாள்.

அவள் போன அன்று நீ விமானத்தில் இருந்தாய். மறுநாள் காடாற்றுக்குத்தான் வந்து சேர்ந்தாய். ஆகவே அன்று நடந்தது உனக்குத் தெரியாது. கட்டிக்கொடுத்த பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடி வரவேண்டும். அண்ணனோ தம்பியோ புதுச்சேலை கொண்டுவந்து மேலே போர்த்தினால்தான் எடுப்பார்கள். காலையிலிருந்து காத்திருந்தோம். வெயில் ஏறியது. பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் என்னைப் பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். எடுத்துவிடலாம் என்று நான் சொன்னபோது, "அண்ணன்காரன் வராம எடுக்கப்பிடாது, அவ நெஞ்சு வேகாது" என்று உன் பெரிய அத்தை தடுத்தாள். மத்தியானம் தாண்டி உன் மாமாவின் கார் வந்தது. காரில் அவர் வரவில்லை. டிரைவர் மட்டும் ஒரு பொதியோடு இறங்கினான்.

பெரிய அத்தை பொதியைப் பிரித்தாள். வெள்ளை நேரியது, சேலைபோல உடுக்கிற துணி. ஓரத்தில் சுண்டுவிரல் அகலத்துக்குச் சிவப்புக் கரை. "ஏ அம்மா, வெள்ளையா?" என்று அவள் போட்ட சத்தத்தில் பந்தலே திரும்பிற்று. "புருசன் கல்லு மாதிரி முன்னால நிக்கான், வெள்ளைக் கோடியா கொடுத்துவிடுவான்? இவனையும் கூடச் சேத்து அனுப்பப் பாக்கானா?" நம் பக்கத்தில் புருஷன் இருக்கும்போது போகிறவளுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறத்தில்தான் போடுவார்கள். இது குழந்தைக்கும் தெரியும். டிரைவர் கையைப் பிசைந்துகொண்டு, "சாரே, மொதலாளி கண்ணு நெறஞ்சுதான் தந்துவிட்டாரு" என்றான். "அவரைக் கண்ணைத் துடைச்சுக்கச் சொல்லு" என்றேன். எடுக்கச் சொன்னேன். பிறந்த வீட்டுக் கோடி இல்லாமலேதான் உன் அம்மா போனாள்.

போர்த்தாமல் மிஞ்சிய துணியை ஆற்றில் விட்டுவிடு, வீட்டில் வைக்காதே என்று அத்தை சொன்னாள். நான் வைத்தேன். மேல் தட்டில், அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தேன். என்றைக்காவது யாராவது வந்து உன் மாமாவுக்காக என்னிடம் நல்லவார்த்தை பேசினால், எடுத்துக் காட்ட வேண்டும் என்று வைத்தேன். நீ பிள்ளைக்கு விரிக்கக் கேட்ட துணி அதுதான். இந்த ஊரில் யாரிடம் கேட்டாலும் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

இத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதம் ஒரு வரியில் முடிந்திருக்கும். அந்தத் துணி கிடையாது, கடையில் வாங்கிக்கொள் என்று எழுதியிருப்பேன். ஆனால் நீ என்னிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்திருக்கிறாய். மாமா வீட்டுக்கும் துணி கேட்டு எழுதியிருக்கிறாய். புதன்கிழமை சுபா ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள், கையில் ஒரு பை.

"உள்ள வரலாமா மாமா, இல்ல இந்த வீட்டுக்கும் விசா எடுக்கணுமா?" என்றாள்.

"கதவு திறந்துதானே கிடக்கு."

"கதவு தொறந்துதான் கெடக்கு. மொகத்ததான பூட்டி வச்சிருக்கிய." அவளாகவே வந்து உட்கார்ந்து, பையைக் கவிழ்த்தாள். சின்ன வயதுப் பாவாடை ஒன்று, அவள் அப்பாவின் கோடுபோட்ட சட்டை ஒன்று, தலையணை உறை ஒன்று. "உங்க மவனுக்கக் கூத்தப் பாத்தியளா? கெட்டமாட்டேன்னு சொன்னவன், இப்போ எனக்க பாவாடை மட்டும் வேணும்ங்கான். எனக்க வீட்டுக்காரரு விழுந்து விழுந்து சிரிக்காரு" என்று அவளும் சிரித்தாள். உன்மேல் அவளுக்கு ஒரு கசப்பும் இல்லை. எனக்கு அது எரிச்சலாகத்தான் இருந்தது. பட்டவளே மறந்துவிட்டால் நான் எதைச் சுமந்துகொண்டிருக்கிறேன்?

அதனால்தான் கேட்டேன். "பாவாடை கொடுத்துவிடுற உங்க வீட்டுல அன்னைக்கு ஒரு கலர்ச் சேலைக்கா பஞ்சம்?" என்று கேட்டேன். அவளுக்கு முதலில் புரியவில்லை. அலமாரியைத் திறந்து காட்டினேன். அவள் எழுந்து கிட்டே வந்தாள். தொடவில்லை.

"இத அத்தைக்குப் போடலியா?"

"வெள்ளையை எப்படிப் போட?"

"மாமா, எங்க பக்கத்துல கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் நாங்க இதத்தான உடுப்போம். இது கோடிக்குன்னு எடுத்ததே இல்ல. எனக்க கல்யாணத்துக்கு அத்தை மாப்பிள்ளைக்க அம்மையா நிக்கும்போ உடுக்கணும்னு அப்பா சொல்லி நெய்ய வச்சது. பொறவு அந்தப் பேச்சே இல்லாமப் போச்சுல்லா. அத்தை போன அன்னைக்கு, கடைத்துணி எனக்க தங்கச்சிக்கு வேண்டாம்னு பெட்டியத் தொறந்து இத எடுத்துக் கொடுத்தாரு."

"கொடுத்துவிட்டவர் நேரில் வந்திருக்கணும்."

"வந்திருக்கணும். நானும் அதச் சொல்லி அன்னைக்குச் சண்டை போட்டேன். 'எந்த மொகத்தோட போவேன் மக்கா'ன்னு காருக்குப் பக்கத்துல நின்னு ஒரே கரச்சில்." அவளுக்கும் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு, "நீங்களும் ஒருவாக்கு கேட்டிருக்கலாம் மாமா" என்று சொல்லிவிட்டு, காப்பி வேண்டாம் என்று போய்விட்டாள்.

அவள் சொன்னது உண்மையாக இருக்கலாம். தகப்பனைக் காப்பாற்ற மகள் சொல்கிற கதையாகவும் இருக்கலாம். இந்த ஜில்லாவில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். அதற்குள் ஒரு வீட்டுக் கல்யாணத் துணி இன்னொரு வீட்டில் அபசகுனமாகிவிடும் என்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை. உன் அம்மாவே கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு ஓணத்துக்கு வெள்ளை நேரியது உடுத்துக்கொண்டு நின்று, பெரிய அத்தையிடம் ஏச்சு வாங்கினாள். அதன் பிறகு அவள் இந்த வீட்டில் வெள்ளை உடுத்ததில்லை. அன்று பந்தலில் எனக்கு அது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. வந்திருந்தாலும் என்ன செய்திருப்பேன் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. அவ்வளவு வெறுப்பில் இருந்தேன்.

உன் மாமாவை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. துணி எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்பது வேறு. அடித்த போனை எடுக்காமல் விட்டது வேறு. நீ அவர் வீட்டுத் துணியை உன் போர்வையில் சேர்ப்பதை நான் தடுக்கவில்லை. ஆனால் அந்தக் கோடுபோட்ட சட்டையை உன் அம்மாவின் சேலைக்குப் பக்கத்தில் வைக்காதே. இடையில் வேறெதையாவது வை. இதை ஒரு தகப்பனின் அற்பத்தனம் என்று எடுத்துக்கொண்டாலும் சரி.

உன்னையும் நான் குற்றம் சொல்லவில்லை. பிடிக்காத கல்யாணத்தை வேண்டாம் என்றது தப்பில்லை. ஆனால் இனி உன் வாழ்க்கையில் எதையாவது மறுக்க வேண்டி வந்தால், நேரில் போய் நின்று மறு. எட்ட இருந்துகொண்டு போனில் மறுத்தால், போனைக் கையில் பிடித்திருக்கிறவர்கள்தான் அடி வாங்குவார்கள். உன் பிள்ளைக்கு நீ எதைச் சொல்லிக்கொடுக்காவிட்டாலும் இதைச் சொல்லிக்கொடு.

நேற்று அந்தத் துணியை முதல்முறையாக முழுக்கப் பிரித்துப் பார்த்தேன். நல்ல நெசவு. இழை அடர்த்தி ஒரே சீராக இருக்கிறது. மடிப்பு விழுந்த இடங்கள் மட்டும் மஞ்சளடித்து நைந்திருக்கின்றன. வெட்டுவதாக இருந்தால் அந்தக் கோடுகளைத் தவிர்த்து வெட்டு. தையல் அங்கே நிற்காது. கரையை வெட்டித் தனியே எடுத்துவை, சிவப்பு இறங்குகிறதா என்று பார்க்காமல் சேர்க்காதே. வெட்ட மனம் வரவில்லை என்றால் அப்படியே மடித்து வைத்துக்கொள். உன் மனைவியிடமும் எல்லாவற்றையும் சொல். அவள் வயிற்றுப் பிள்ளைக்கு விரிக்கிற துணி, அவளுக்கும் கேட்க உரிமை உண்டு. வேண்டாம் என்று அவள் சொன்னால் வற்புறுத்தாதே. உங்கள் ஊர்த் தையல் கடையில் நல்ல வெள்ளைப் பருத்தி கிடைக்காமல் போகாது.

சேலைகளையும் சுபா தந்ததையும் அதையும் ஒரே பெட்டியில் கட்டியாயிற்று. இந்தக் கடிதத்தை மேலே வைக்க வேண்டும். கீழே "இப்படிக்கு" என்று எழுதப் பேனாவை வைத்தேன், மை ஒரு புள்ளியாக ஊறி நின்றது. அப்பா என்று கையெழுத்துப் போட்டால் இது உத்தரவாகிவிடும். நீ கீழ்ப்படிவாய், அல்லது அன்று போல ஒரே வார்த்தையில் மறுப்பாய். இரண்டும் எனக்கு வேண்டாம். இந்தத் துணியை என்ன செய்வது என்று ஒரு தடவை நான் பந்தலில் நின்று என் பெயரில் முடிவு சொல்லிவிட்டேன். இரண்டாவது முடிவில் என் பெயர் இருக்கவேண்டாம். காலையில் தபாலாபீஸ் திறந்ததும் கையெழுத்தில்லாமலே அனுப்பிவிடுகிறேன்.